சி டிரைவ் நிரம்பிவிட்டது, இரண்டாவது ஹார்டு டிஸ்கில் புரோகிராம்களை நிறுவலாமா?

கார்முகில்:

வணக்கம். என் கணினியில் விண்டோஸ் 11 இருப்பது 256 ஜிபி எஸ்எஸ்டியில். விண்டோஸ் அதை 238 ஜிபி என்றுதான் காட்டுகிறது, அதிலும் இப்போது மிச்சம் 9 ஜிபி. கூடவே 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று டி டிரைவாக இருக்கிறது, கிட்டத்தட்ட காலி. இனிமேல் நிறுவுகிற எல்லாவற்றையும் டி டிரைவில் போடலாமா? போட்டால் ஒழுங்காக ஓடுமா, பின்னால் ஏதாவது சிக்கல் வருமா? விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போட்டால் டியில் இருக்கிற புரோகிராம்கள் அப்படியே வேலை செய்யுமா என்பதும் தெரிய வேண்டும். வீடியோ எடிட்டிங், கொஞ்சம் ஆண்ட்ராய்டு புரோகிராமிங், ஸ்டீமில் நான்கைந்து கேம்கள், இவைதான் என் பயன்பாடு.

பழைய மதர்போர்டு:

போடலாம், தாராளமாகப் போடலாம். பெரும்பாலான இன்ஸ்டாலர்கள் நடுவில் ஒரு இடத்தில் "கஸ்டம்" அல்லது "அட்வான்ஸ்டு" என்று கேட்கும், அங்கே சி என்று இருப்பதை டி என்று மாற்றினால் போதும். நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று வேகமாகத் தட்டிக்கொண்டே போகிறவர்கள் அந்தத் திரையைத்தான் தவறவிடுகிறார்கள்.

ஆனால் ஒன்றை முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். டி என்று மாற்றினாலும் புரோகிராமின் பெரிய உடம்புதான் அங்கே போகும். ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு) பதிவுகள், ஸ்டார்ட் மெனு குறுக்குவழிகள், ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா ஆகிய ஃபோல்டர்களில் சேரும் அமைப்புகள், விஷுவல் சி++ மாதிரி பல புரோகிராம்கள் ஓடத் தேவையான பொதுவான ரன்டைம்கள், இதெல்லாம் எப்போதும் போல சியில்தான் உட்காரும். அதனால் 5 ஜிபி புரோகிராமை டியில் போட்டாலும் சியில் கொஞ்சம் குறையத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அடுத்தது வேகம். உங்கள் டி சுழலும் ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கே 8.3 மில்லி விநாடி, அதோடு ஊசி நகர்கிற நேரமும் சேரும்போது சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை விநாடிக்கு நூறு தடவை படித்தால் அதிகம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதே வேலையைப் பல்லாயிரம் தடவை செய்யும். ஒரு பெரிய வீடியோ கோப்பை வரிசையாகப் படிப்பதில் இவ்வளவு வித்தியாசம் தெரியாது, அங்கே ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 150 எம்பி பக்கம் கொடுக்கும், சாட்டா எஸ்எஸ்டி 550 வரை கொடுக்கும். புரோகிராம் திறப்பது என்பது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடிப் படிப்பது. ஆகவே தினமும் பத்து தடவை திறக்கிற பிரவுசர், எடிட்டர் எல்லாம் எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும். எப்போதாவது திறக்கிற பெரிய சாமான்கள் டிக்குப் போகட்டும்.

சரவெடி:

நான் எல்லாவற்றையும் டியில்தான் வைத்திருக்கிறேன் ப்ரோ, சியில் விண்டோஸ் மட்டும். ஒவ்வொரு தடவையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், ரெஜிஸ்ட்ரியில் புரோகிராம்ஃபைல்ஸ்டிர் என்று ஒரு மதிப்பு இருக்கிறது, அதை டி என்று மாற்றிவிட்டால் இன்ஸ்டாலர் தானாகவே டியைக் காட்டும். விண்டோஸை மறுபடி போட்டபோது என் கேம்கள் எல்லாம் அப்படியே இருந்தன, ஒன்றையும் திரும்ப டவுன்லோடு செய்யவில்லை. சியை சுத்தமாக வைப்பதற்கு இதுதான் வழி.

வட்டெழுத்து:

கார்முகில், தயவுசெய்து அந்த ரெஜிஸ்ட்ரி மதிப்பைத் தொடாதீர்கள். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரின் இடத்தை அப்படி மாற்றுவதை ஆதரிக்கவில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே சியில் இருக்கும் விண்டோஸின் சொந்தப் பாகங்கள் நகராது, புதிதாக வருவது மட்டும் டியைத் தேடும், பாதி இங்கே பாதி அங்கே என்று ஆகி ஏதோ ஒரு அப்டேட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது காரணம் இதுதான் என்று கண்டுபிடிக்கவே உங்களுக்கு ஒரு வாரம் ஆகும். இன்ஸ்டாலரில் ஒரு எழுத்தை மாற்றுகிற வேலையை மிச்சப்படுத்த இவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை.

விண்டோஸ் மறுநிறுவல் பற்றி: டியில் இருக்கும் கோப்புகள் அழியாது, அது உண்மை. ஆனால் கோப்பு இருப்பது வேறு, புரோகிராம் ஓடுவது வேறு. புது விண்டோஸுக்குப் புது ரெஜிஸ்ட்ரி. பழைய புரோகிராம் பதிந்து வைத்திருந்த, பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள், லைசென்ஸ் விவரம், எந்தக் கோப்பை எதில் திறப்பது என்ற தொடர்பு, ரன்டைம்கள், எல்லாம் சியோடு போய்விட்டன. நிறுவப்பட்டவற்றின் பட்டியலில்கூட அந்தப் புரோகிராம் தெரியாது, முறைப்படி அன்இன்ஸ்டால் செய்யவும் முடியாது. டியில் பழைய ஃபோல்டர் மட்டும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும், மறுபடி இன்ஸ்டாலரை ஓட்டித்தான் ஆக வேண்டும். போர்ட்டபிள் என்று தனியாகக் கொடுக்கிறார்களே, ஒரே ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் வகை, அவை மட்டும் கூப்பிட்டவுடன் ஓடும்.

சரவெடி:

அப்படியானால் என் கேம்கள் எப்படி ஓடின? நான் பொய் சொல்லவில்லையே.

வட்டெழுத்து:

ஓடியிருக்கும், நீங்கள் சொல்வது சரிதான். ஸ்டீம் அதற்காகவே அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. ஸ்டீம் லைப்ரரி ஃபோல்டருக்குள் ஸ்டீம்ஆப்ஸ் என்று ஒன்று இருக்கும், அதில் ஒவ்வொரு கேமுக்கும் ஏசிஎஃப் என்று முடியும் சின்ன மேனிஃபெஸ்ட் கோப்பு இருக்கும், எந்த கேம், எந்தப் பதிப்பு, எந்த ஃபோல்டர் என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். புது விண்டோஸில் ஸ்டீமை நிறுவி, செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் டி டிரைவைச் சேர்த்தால் அந்தக் கோப்புகளைப் படித்து கேம்களை அடையாளம் கண்டுகொள்ளும். தேவையான ரன்டைம்களை முதல் தடவை திறக்கும்போது அதுவே நிறுவிக்கொள்ளும். இதை எல்லாப் புரோகிராமுக்கும் பொது விதி என்று எடுத்துக்கொண்டால்தான் ஏமாற்றம் வரும். சேவ் கோப்புகளைப் பல கேம்கள் சியில் டாக்குமெண்ட்ஸிலோ ஆப்டேட்டாவிலோ வைக்கும், கிளவுட் சேவ் இல்லாத கேம் என்றால் அவற்றைத் தனியாக எடுத்து வைக்காமல் சியை அழிக்கக் கூடாது.

நள்ளிரவு கோடர்:

எல்லோரும் எங்கே நிறுவுவது என்றே பேசுகிறீர்கள். என்னைக் கேட்டால் முதல் கேள்வியே வேறு. 238 ஜிபியில் 229 ஜிபியை எது தின்றது? பெரும்பாலும் புரோகிராம்களாக இருக்காது, புரோகிராம்கள் சேர்த்து வைக்கும் தரவுதான். விஸ்ட்ரீ அல்லது விண்டிர்ஸ்டாட் ஓட்டிப் பாருங்கள், எந்த ஃபோல்டர் எவ்வளவு என்று வரிசையாகக் காட்டிவிடும்.

நீங்கள் ஆண்ட்ராய்டு எழுதுகிறவர் என்பதால் இதைச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை டியில் நிறுவினாலும் எமுலேட்டர் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் ஃபோன்) படிமங்கள் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் புள்ளி ஆண்ட்ராய்டு என்ற ஃபோல்டரில், கிரேடில் என்ற பில்டு கருவியின் கேஷ் (மறுபடி பயன்படுத்தச் சேர்த்து வைக்கும் கோப்புகள்) புள்ளி கிரேடில் என்ற ஃபோல்டரில், ஆண்ட்ராய்டு ஆப் எழுதத் தேவையான கருவித் தொகுப்பான எஸ்டிகே ஆப்டேட்டாவுக்குள் என்று சியிலேயே வளர்ந்துகொண்டிருக்கும். ஸ்டுடியோவே சில ஜிபிதான், இந்த மூன்றும் சேர்ந்தால் அதைப் போலப் பல மடங்கு. வீடியோ எடிட்டரும் அப்படித்தான், மீடியா கேஷ், ப்ராக்ஸி கோப்புகள் (எடிட் செய்ய எளிதாக உருவாக்கும் சின்ன நகல்கள்) எங்கே சேர வேண்டும் என்று அதன் ப்ரெஃபரன்ஸஸில் நாம் சொல்லாவிட்டால் சியில் கொட்டிக்கொண்டே இருக்கும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருந்தால் அதன் மெய்நிகர் வட்டுக் கோப்பு இன்னும் மோசம், உள்ளே கோப்புகளை அழித்தாலும் அந்தக் கோப்பு தானாகச் சுருங்காது.

தரவை நகர்த்துவதில் புரோகிராம் உடைகிற ஆபத்தும் குறைவு, பெரும்பாலும் அதற்கென்றே ஒரு செட்டிங் இருக்கும். டாக்குமெண்ட்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களை வலது கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸில் லொகேஷன் என்ற தாவலில் டிக்கு மாற்றலாம். மாற்றும்போது வெறும் டி என்று கொடுக்காமல் டியில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டுங்கள். டிரைவின் தலையையே கொடுத்துவிட்டால் பிறகு திருப்பி எடுப்பது பெரும் பாடு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்று ஒரு மறைந்த ஃபோல்டர் பெரிதாகத் தெரியும், அழித்தால் இடம் கிடைக்கும் என்று கை துடிக்கும். அழிக்காதீர்கள். புரோகிராம்களை அப்டேட் செய்யவும் நீக்கவும் அதில் இருக்கும் கோப்புகள் வேண்டும்.

கார்முகில்:

எல்லோருக்கும் நன்றி. விஸ்ட்ரீ ஓட்டினேன், கோடர் சொன்னதுதான் நடந்திருக்கிறது. எமுலேட்டர் 34 ஜிபி, கிரேடில் 11 ஜிபி, எடிட்டரின் மீடியா கேஷ் 48 ஜிபி. புரோகிராம் ஃபைல்ஸ் இரண்டும் சேர்த்தே 40 ஜிபிகூட இல்லை, ஸ்டீம் கேம்களைத் தவிர்த்து.

இரண்டு சந்தேகம். ஏற்கெனவே சியில் இருக்கிற புரோகிராமின் ஃபோல்டரை அப்படியே வெட்டி டியில் ஒட்டினால் ஓடுமா? அப்புறம் ஆபீஸ் நிறுவும்போது இடமே கேட்கவில்லை, நேராக சியில் போய் உட்கார்ந்துவிட்டது. அதை எப்படி மாற்றுவது?

பழைய மதர்போர்டு:

ஆபீஸை விட்டுவிடுங்கள். விண்டோஸ் இருக்கும் டிரைவில்தான் அது நிறுவப்படும், அதற்கு மாற்று ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. வைரஸ் தடுப்பான், டிரைவர் மென்பொருள்கள், விபிஎன், பேக்கப் கருவி இவற்றையும் இடம் கேட்டாலும் சியிலேயே வையுங்கள். விண்டோஸ் எழும்போதே கூட எழ வேண்டியவை இரண்டாவது டிஸ்கை நம்பி இருக்கக் கூடாது.

வட்டெழுத்து:

வெட்டி ஒட்டினால் ஓடாது. விலாசம் மாறியதைச் சொல்லாமல் வீடு மாறினால் கடிதம் பழைய வாசலுக்குத்தான் போகும், ரெஜிஸ்ட்ரியிலும் சர்வீஸ்களிலும் பழைய பாதைதான் எழுதியிருக்கிறது. நேர்மையான வழி, அன்இன்ஸ்டால் செய்து டியைக் காட்டி மறுபடி நிறுவுவது. ஸ்டோரிலிருந்து வந்த ஆப்கள் சிலவற்றுக்கு செட்டிங்ஸில் நிறுவிய ஆப்களின் பட்டியலிலேயே மூவ் என்ற பொத்தான் இருக்கும், ஸ்டீமில் ஒவ்வொரு கேமின் ப்ராபர்ட்டீஸிலும் அதே மாதிரி உண்டு. இனி வரும் ஸ்டோர் ஆப்கள் டிக்குப் போக வேண்டுமானால் சிஸ்டம், ஸ்டோரேஜ், அட்வான்ஸ்டு ஸ்டோரேஜ் செட்டிங்ஸ் என்று போய் புதியவை சேர வேண்டிய இடத்தை மாற்றுங்கள். டி டிரைவின் ஃபார்மட் என்டிஎஃப்எஸ் ஆக இருக்க வேண்டும், எக்ஸ்ஃபேட் என்றால் ஸ்டோர் ஆப்கள் ஏற்காது.

இடம் கேட்கவே கேட்காத பிடிவாதமான புரோகிராமுக்குக் கடைசி வழி ஜங்ஷன். புரோகிராமை மூடி, ஃபோல்டரை டிக்கு நகலெடுத்து, சியில் இருப்பதற்கு வேறு பெயர் வைத்து, கமாண்ட் ப்ராம்ப்டில் எம்கேலிங்க் கட்டளையை ஜே என்ற ஸ்விட்ச்சோடு கொடுத்தால் பழைய பாதையில் ஒரு வாசல் உருவாகும், உள்ளே போனால் டியில் இருப்பது தெரியும். புரோகிராமுக்கு வித்தியாசம் தெரியாது. இது பவர்ஷெல்லில் நேரடியாக வராது, பழைய கமாண்ட் ப்ராம்ப்டில்தான் கொடுக்க வேண்டும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று பார்த்த பிறகே பெயர் மாற்றி வைத்த பழையதை அழியுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்கோ, முழு யூசர்ஸ் ஃபோல்டருக்கோ, முழு புரோகிராம் ஃபைல்ஸுக்கோ இதைச் செய்யவே வேண்டாம். ஒரு தனிப் புரோகிராம், ஒரு தனி கேஷ், அந்த அளவோடு நிறுத்துங்கள்.

நள்ளிரவு கோடர்:

எமுலேட்டருக்கும் கிரேடிலுக்கும் ஜங்ஷன்கூட வேண்டாம். ஆண்ட்ராய்டு, ஏவிடி, ஹோம் என்ற மூன்று சொற்களை அடிக்கோடால் இணைத்தால் ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் (புரோகிராம்கள் படிக்கும்படி விண்டோஸில் பெயரிட்டு வைக்கும் மதிப்பு), கிரேடில், யூசர், ஹோம் என்று இணைத்தால் இன்னொன்று, எல்லாம் பெரிய எழுத்தில். இரண்டுக்கும் டியில் ஒரு பாதை கொடுத்து ஸ்டுடியோவை மூடித் திறந்தால் போதும். ஆனால் கிரேடில் கேஷ் ஆயிரக்கணக்கான பொடிக் கோப்புகள், அதை ஹார்டு டிஸ்கில் வைத்தால் பில்டு இழுக்கும். 34 ஜிபி எமுலேட்டரை மட்டும் நகர்த்துங்கள், 11 ஜிபி கிரேடில் எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும் என்பது என் கருத்து. எமுலேட்டரும் திறக்கும்போது மெதுவாகும், தினமும் பயன்படுத்தும் ஒரே ஒரு மெய்நிகர் ஃபோனை சியில் வைத்து மற்ற பழைய பதிப்புகளை நீக்கினாலே பாதி இடம் கிடைத்துவிடும்.

இரும்புப்பூட்டு:

இந்த இழையில் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சியில் இருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் சாதாரண ஃபோல்டர் இல்லை. அதில் எழுத அட்மின் அனுமதி வேண்டும், சாதாரண பயனர் படிக்கலாம், ஓட்டலாம், மாற்ற முடியாது. டியில் நீங்கள் உருவாக்கும் ஃபோல்டருக்கு அந்தக் காவல் வராது. சிஸ்டம் இல்லாத டிரைவை என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்தால் உள்நுழைந்த எவரும் மாற்றலாம் என்ற அனுமதிதான் இயல்பாக இருக்கும், அதன் கீழே உருவாகும் ஒவ்வொரு ஃபோல்டரும் அதையே வாரிசாக எடுத்துக்கொள்ளும். டியிலும் புரோகிராம் ஃபைல்ஸ் என்றே பெயர் வைத்தாலும் பெயரால் பாதுகாப்பு வந்துவிடாது.

இதனால் என்ன என்றால், டியில் நிறுவிய ஒரு புரோகிராம் சிஸ்டம் அனுமதியோடு ஓடும் சர்வீஸ் ஒன்றை வைத்திருக்கிறது என்று கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் எந்த அட்மின் அனுமதியும் இல்லாமல் நுழைந்த ஒரு தீம்பொருள் அந்த சர்வீஸின் இஎக்ஸ்இ கோப்பைத் தன் கோப்பால் மாற்றிவிட்டால், அடுத்த தடவை கணினி எழும்போது அது முழு அதிகாரத்தோடு ஓடும். அனுமதி கேட்கும் அந்தத் திரை வரவே வராது.

சரிசெய்வது கடினமில்லை. நிறுவத் தொடங்குவதற்கு முன் டியில் ஒரு தாய் ஃபோல்டர் உருவாக்கி, ப்ராபர்ட்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய், இன்ஹெரிட்டன்ஸை நிறுத்தி இருக்கும் அனுமதிகளை வெளிப்படையான அனுமதிகளாக மாற்றும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஆத்தன்டிகேட்டட் யூசர்ஸ் என்ற வரியை நீக்குங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், சிஸ்டம் இரண்டுக்கும் முழு அனுமதி, யூசர்ஸுக்குப் படிக்கவும் ஓட்டவும் மட்டும், இவ்வளவு இருந்தால் போதும். அந்த ஃபோல்டருக்குள் நிறுவும் எல்லாவற்றுக்கும் இது தானாக வரும்.

சரவெடி:

வீட்டில் நான் ஒருவன் மட்டும்தான் பயன்படுத்துகிறேன், எனக்கும் இது வேண்டுமா?

இரும்புப்பூட்டு:

வேண்டும். நீங்கள் ஒருவர்தான், ஆனால் உங்கள் பெயரில் ஓடுவது நீங்கள் மட்டும் இல்லையே. பிரவுசர், அதன் எக்ஸ்டென்ஷன், டவுன்லோடு செய்து திறந்த ஏதோ ஒரு கோப்பு, எல்லாம் உங்கள் அனுமதியோடுதான் ஓடுகின்றன. கேம்களுக்கு இது பொருந்தாது, ஸ்டீம் லைப்ரரியைத் தனி ஃபோல்டரில் விட்டுவிடுங்கள், அது அட்மின் கேட்காமல் அப்டேட் செய்ய எழுதும் அனுமதி வேண்டும். சர்வீஸ் வைக்கும் புரோகிராம்கள், அட்மினாக ஓட்டும் கருவிகள் ஆகியவற்றுக்குத்தான் நான் சொன்னது.

கார்முகில்:

தாய் ஃபோல்டர் உருவாக்கி அனுமதிகளை மாற்றிவிட்டேன், எடிட்டரையும் அதில் நிறுவிவிட்டேன். நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் கொஞ்ச நேரம் வேறு வேலை பார்த்துவிட்டு எடிட்டருக்கு வந்தால் சில விநாடி அப்படியே உறைந்து நிற்கிறது, டிஸ்கிலிருந்து உறுமல் மாதிரி ஒரு சத்தம், பிறகு சரியாகிவிடுகிறது. டிஸ்க் கெட்டுப்போகிறதா?

பழைய மதர்போர்டு:

பெரும்பாலும் இல்லை. பயன்படுத்தாத ஹார்டு டிஸ்கை விண்டோஸ் நிறுத்தி வைக்கும், மின்இணைப்பில் இருக்கும்போது வழக்கமாக 20 நிமிடம். மறுபடி கேட்கும்போது அது சுழன்று வேகம் பிடிக்கும் வரை புரோகிராம் காத்திருக்கிறது. பழைய கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, ஹார்டு டிஸ்க் என்ற இடத்தில் அந்த நேரத்தைக் கூட்டலாம், 0 கொடுத்தால் நிறுத்தவே நிறுத்தாது. இருந்தாலும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி ஒன்றில், டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களை ஒரு தடவை பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டு மாற்றப்பட்ட பகுதிகள்), கரன்ட் பெண்டிங் செக்டர் (சந்தேகத்தில் இருக்கும் பகுதிகள்) இரண்டும் 0 என்றால் இப்போதைக்குக் கவலையில்லை, எண் ஏறிக்கொண்டே போனால் உடனே நகலெடுங்கள்.

டிரைவ் எழுத்தையும் மாற்றாதீர்கள். டி என்று நிறுவிவிட்டுப் பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இ என்று மாற்றினால் எல்லாக் குறுக்குவழியும் சர்வீஸும் அறுந்துபோகும். யுஎஸ்பி வெளி டிஸ்கில் புரோகிராம் நிறுவ வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், எந்த நாள் எந்த எழுத்தில் வரும் என்பது உறுதியில்லை. வேறு வழியே இல்லை என்றால் எழுத்து வரிசையின் கடைசியிலிருந்து ஒன்றை, எக்ஸ் மாதிரி, நிரந்தரமாகக் கொடுத்து வையுங்கள்.

வட்டெழுத்து:

டிஸ்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் டிக்கு ஆட்டோ அன்லாக்கை இயக்கி வையுங்கள். இல்லாவிட்டால் கணினி எழும்போது டி பூட்டியே இருக்கும், ஸ்டார்ட்அப்பில் இருக்கும் புரோகிராம் தன் கோப்பு இல்லை என்று பிழை காட்டும்.

பனிப்பறவை:

லினக்ஸில் இருப்பவர்களுக்கு ஒரு வரி. அங்கே பேக்கேஜ் மேனேஜர் இடம் கேட்காது, கோப்புகளை மரத்தின் பல கிளைகளில் பிரித்து வைக்கும், அதனால் ஒரு புரோகிராமை மட்டும் வேறு டிஸ்கில் நிறுவுவது என்று யோசிக்காமல் பயனர் கோப்புகள் இருக்கும் முழு ஹோம் ஃபோல்டரையே இரண்டாவது டிஸ்கில் மவுண்ட் செய்வதுதான் (இணைப்பதுதான்) எளிது. எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்க் பெயருக்குப் பதிலாக அதன் தனி அடையாள எண்ணான யுயுஐடியை எழுதுங்கள், கேபிளை மாற்றிச் செருகினாலும் குழப்பம் வராது.

கார்முகில்:

பவர் செட்டிங்கை மாற்றியதும் உறைவது நின்றுவிட்டது, செக்டர் எண்கள் இரண்டும் 0. சியில் இப்போது 80 ஜிபிக்கு மேல் காலி. கடைசியாக ஒன்று, கேம்களில் ஒன்றை டிக்கு நகர்த்தினேன், லோடாக அதிக நேரம் எடுக்கிறது என்பதோடு ஓடும்போதே நடுநடுவே திக்குகிறது. மற்றவை நன்றாக இருக்கின்றன. இதற்கு மட்டும் ஏன்?

நள்ளிரவு கோடர்:

அது திறந்த உலக கேமாக இருக்கும். நீங்கள் நடக்க நடக்க அடுத்த பகுதியின் டெக்ஸ்சர்களை டிஸ்கிலிருந்து படித்துக்கொண்டே இருக்கும், ஹார்டு டிஸ்க் அந்த வேகத்துக்குத் தாக்குப்பிடிக்காது. 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்டு மாதிரி கேம்கள் எஸ்எஸ்டி கட்டாயம் என்றே குறைந்தபட்சத் தேவையில் எழுதிவிட்டன. இப்போதுதான் சியில் 80 ஜிபி இருக்கிறதே, அந்த ஒரு கேமை மட்டும் ஸ்டீமின் மூவ் மூலம் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், விளையாடி முடித்ததும் டிக்கு அனுப்பிவிடலாம். எஸ்எஸ்டியை விளிம்பு வரை நிரப்பாமல் 30 ஜிபியாவது காலியாக விட்டு வையுங்கள், நிரம்பினால் எழுதும் வேகம் விழும், விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்கும் இடம் வேண்டும்.